பெட்டியில் பழுதில்லை, மகனே

மகனே, இந்தக் காகிதம் உன் கையில் இருக்கிறதென்றால், ஒலிபெருக்கிப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றிவிட்டாய். எனக்குத் தெரியும். குழாயில் சத்தம் வரவில்லை என்றால் நீ முதலில் செய்வது அதுதான். குழாயில் காதை வைத்து இரைச்சலாவது கேட்கிறதா என்று பார்க்க மாட்டாய், முதல் கண்ணாடி வால்வின் தலையை விரலால் தொட மாட்டாய், நேராகத் திருப்புளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போவாய். எத்தனை தடவை சொல்லியிருப்பேன், வாய் வலித்ததுதான் மிச்சம். அதனால்தான் இதைப் பலகைக்குப் பின்னால் சொருகி வைத்தேன். இப்போது திருப்புளியைக் கீழே வை. கழற்றிய ஆணிகளைச் சட்டைப் பையில் போடு, புல்லில் தொலைத்துவிடாதே. கூட்டம் மாலையில்தான். நீ காலையிலேயே எல்லாவற்றையும் பூட்டிச் சோதித்துப் பார்க்கிறவன், அந்த ஒரு நல்ல பழக்கத்தை நம்பித்தான் நான் இந்த வேலையைச் செய்தேன். கலஹா மைதானத்துக்கு இந்நேரம் ஆள் வந்திருக்காது. லொறி நிழலில் உட்கார்ந்து இதைக் கடைசிவரை படி.

பெட்டியில் பழுதில்லை. வால்வுகள் எல்லாம் எரிகின்றன, பற்றரி நிறைந்திருக்கிறது, நான் சுற்றிய கொயில் ஒன்றும் கருகவில்லை. மைக்கின் வயிற்றில்தான் ஒன்றும் இல்லை. அதற்குள் இருந்த கரிமணிகளை நான் கொட்டி எடுத்துவிட்டேன். பேசுகிறவனின் மூச்சுப் பட்டு அந்த மணிகள் ஒன்றோடொன்று உரசினால்தான் கம்பியில் போகிற மின்சாரம் ஏறி இறங்கும், குழாய் பேசும். கரி இல்லாவிட்டால் எந்தத் தலைவர் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. இப்போது உனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். வரட்டும். என் வயிற்றில் பிறந்தவனுக்குக் கோபம் வராமல் எப்படி?

முந்தாநாள் நீ வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்ன செய்தியை நினைத்துப் பார். "அம்மா, தலைவர் கூட்டத்துக்கு நம்ம செட்டைத்தான் கேட்டிருக்காங்க. கலஹாவுல. தேயிலைத் தோட்டத்துச் சனம் பூரா வருது. அவர் பேசினா துரைமாருக்குக் கை நடுங்கும்மா" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். உன் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். நான் "அந்த ஆளுக்குக் குடுக்க வேணாம்" என்றேன். ஏன் என்று கேட்டாய். வேணாம் என்றால் வேணாம் என்றேன். "உங்களுக்குப் பயம்! கண்டியில இருக்கிற கடைக்காரங்க எல்லாருக்குமே பயம்! அவர் நெத்தியில இருக்கிற தழும்பைப் பாத்திருக்கீங்களா? சனத்துக்காகப் பொலிஸ்காரன்கிட்ட வாங்கின அடி அது!" என்று கத்தி, பெட்டியின் தலையில் ஓங்கி ஓர் அறை விட்டாய். உள்ளே வால்வுகள் கிணுகிணுத்தன. என்னை அறைந்திருந்தாலும் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. பெட்டிக்காக இல்லை. அப்படித் தன் பேச்சுக்குத் தன் கையாலேயே தாளம் போட்டுக் குத்துகிற இன்னொருவனை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கணம் நீ அவனைப் போலவே இருந்தாய்.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்பாய். உன் அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். "அவன்கிட்டச் சொல்லாத. சொன்னா கத்தியைத் தூக்கிட்டுப் போவான். அப்புறம் நமக்குப் பிள்ளை இருக்க மாட்டான்" என்றார். அதனால் அவருடைய இடது காது காய்ச்சலில் போனது என்று உனக்குச் சொன்னோம். என் உள்ளங்கையில் இருக்கிற சுருங்கிய தோல் கஞ்சிப் பானை பட்டது என்று சொன்னோம். இரண்டும் பொய். இன்றைக்கு அந்தச் சத்தியத்தை நான் மீறுகிறேன். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் மீறுகிறேன். கரியைக் கொட்டும்போது அவர்தான் மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

அது பல வருடத்துக்கு முந்திய சட்டசபைத் தேர்தல் நேரம். உனக்கு அம்மை போட்டிருந்தது, தெல்தோட்டையில் அத்தை வீட்டில் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தாய். பிலிமத்தலாவையில் கொழும்பு ரோட்டோரம் ஒரு வெளியில் கூட்டம். இதே தலைவர்தான், அப்போது இன்னும் கொஞ்சம் மெலிந்தவர். பொம்பளைகளுக்கும் ஓட்டு இருந்ததால் பொம்பளைகளும் வந்திருந்தார்கள். நான் ஓட்டுக்காகப் போகவில்லை. குழாய்க்குப் போகிற டிரான்ஸ்போமர் முந்திய வாரம் கருகிப்போய், நான்தான் அதைப் பிரித்துத் திரும்பச் சுற்றியிருந்தேன். புதுச் சுற்று சூடாகி மணக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால் மேடைக்குப் பக்கத்தில் நின்ற லொறியில், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா குழாய் கட்டியிருந்த கம்பத்தடியில் நின்றார். மைக்கின் கம்பி மேடையிலிருந்து இறங்கி, புல்லில் ஓடி, லொறிக்கு வரும். அந்தக் கம்பி ஓடுகிற வழியில்தான், நாம் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன் தன் அன்னாசிப் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றார். எந்த நானா என்று கேட்காதே, உனக்குத் தெரிந்த அதே நானாதான். கலஹா பஸ் நிற்கிற இடத்தில் உனக்கு அன்னாசி வெட்டித் தருகிறாரே, உப்பும் மிளகாய்த்தூளும் கொஞ்சம் கூடப் போட்டு, அவர்தான். அன்றைக்கு அவருக்குப் பத்து விரலும் இருந்தன.

தலைவர் நன்றாகத்தான் பேசினார். அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது எனக்கே கண் கலங்கியது. ஆனால் அவருக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒவ்வொரு வசனத்துக்கும் மேசையைக் குத்துவார். மைக் அதே மேசையில் நின்றது. உன் அப்பா தொடக்கத்திலேயே போய்ப் பணிவாகச் சொன்னார், "ஐயா, மேசையைக் குத்தாதீங்க, மைக்குக்கு ஆகாது" என்று. அவர் சிரித்தார். பிறகு சூடு ஏற ஏற, குத்து குத்தென்று குத்தினார். கரிமணிக்கு அது கொஞ்சமும் ஆகாது. குலுக்கிக் குலுக்கி அளந்த அரிசி மாதிரி ஒன்றோடொன்று இறுகி உட்கார்ந்துவிடும், பிறகு எந்தப் பேச்சுக்கும் அசையாது. பெரிதாக ஒரு குத்து விட்டார், குழாயில் குரல் நின்றது. அவர் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பின்வரிசையில் யாரோ கொக்கரித்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அவர் முகம் கறுத்ததை நான் லொறியிலிருந்தே பார்த்தேன்.

"வயரை அறுத்துட்டானுங்க!" என்று ஒருவன் கத்தினான். அவ்வளவுதான். கம்பி பக்கத்தில், கையில் கத்தியோடு நின்றவர் நானா ஒருவர்தானே. அன்னாசி வெட்டக் கத்தி இல்லாமல் பல்லாலா கடிப்பார்? யார் யோசித்தான்! அன்னாசிப் பெட்டி பறந்தது, அவர் தொப்பி பறந்தது, முகத்தில் குத்து விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. "எவன்கிட்டக் காசு வாங்கினே? சொல்றா!" "எந்தக் கையால அறுத்தே?" அவர் "அல்லாஹ்வே, நான் தொடல்ல, நான் தொடல்ல" என்று கத்துகிறார். உன் அப்பா ஓடிப்போய் இடையில் விழுந்தார். அவரையும் தள்ளி மிதித்தார்கள். நான் கீழே குதித்து ஓடியிருந்தால் என்னால் என்ன கிழித்திருக்க முடியும்? அந்தக் கூட்டத்தின் காது ஒரே ஒரு குரலுக்குத்தான் திறந்திருந்தது, அது குழாயின் குரல். குழாயைப் பேச வைத்தால் அந்த மனிதன் பிழைப்பான், இல்லாவிட்டால் இல்லை. இதை எண்ணி முடிக்கும் முன்பே என் கை வேலையைத் தொடங்கிவிட்டது.

நீ பழுது பார்க்கிற அவசரத்தில் நானும் பார்த்திருந்தால், பின்பலகையைக் கழற்றிக்கொண்டே அவரைக் கொன்றிருப்பேன். நான் குழாயைக் கேட்டேன். மெல்லிய இரைச்சல் வந்துகொண்டிருந்தது, ஆகவே குழாயும் பெரிய வால்வும் உயிரோடுதான் இருக்கின்றன. விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி முதல் வால்வின் தலையில் வைத்தேன். குழாய் கர்ரென்று உறுமியது, ஆகவே பெட்டி முழுவதும் சரி. மிச்சம் கம்பியும் மைக்கும். மேடைக்கு ஏறிப்போய் மைக்கிலிருந்து கம்பியின் இரண்டு முனையையும் கழற்றி, ஒன்றோடொன்றைத் தொட வைத்தேன். குழாயில் டொக் என்று ஒரு சத்தம். அறுந்த கம்பி டொக் என்று சொல்லாது, மகனே. கம்பி முழுசாக இருக்கிறது. யாரும் அறுக்கவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. தலைவர் பக்கத்திலேயே நின்றார். "ஐயா, கம்பி நல்லா இருக்கு. நீங்க குத்துனதுலதான் கரி இறுகிப்போச்சு. அந்த ஆளை விடச் சொல்லுங்க, கும்பிட்டுக் கேக்குறேன்" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. உதட்டை அசைக்காமல் சொன்னார், "எனக்குத் தெரியும். வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு."

எனக்குத் தெரியும் என்றார், கேட்டாயா? தெரியாமல் செய்திருந்தால் நான் இத்தனை வருடம் அவனைச் சபித்திருக்க மாட்டேன். இனிமேல் அவனுக்கு நான் 'அவர்' போட்டு எழுத மாட்டேன். கம்பி இன்னும் கழன்றுதான் கிடந்தது, மின்சாரம் ஓடும்போது தட்டினால் கரி தீய்ந்துவிடும் என்பது உனக்குத் தெரியும். மைக்கைப் பக்கவாட்டில் சாய்த்து, முதுகில் விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினேன். வெளியே ஒரு மனிதனைப் போட்டு மிதிக்கிறார்கள், நான் தூங்குகிற பிள்ளையின் முதுகைத் தட்டுகிற மாதிரித் தட்டிக்கொண்டு நிற்கிறேன். கொஞ்சம் பலமாகத் தட்டியிருந்தால் இன்னும் இறுகியிருக்கும். உள்ளே மணிகள் சரசரவென்று உருளுவது கைக்குத் தெரிந்தது. கம்பியைப் பூட்டி, வாயருகே பிடித்து, "வயரை யாரும் அறுக்கல! மைக்குதான் இறுகிப்போச்சு! அந்த ஆளை விடுங்க!" என்று கத்தினேன். என் குரல் வெளி முழுக்க இடித்தது. எனக்கே அது என் குரலா என்று தோன்றியது. எல்லாத் தலையும் திரும்பியது. நானாவின் கழுத்தைப் பிடித்திருந்தவன் கையை எடுத்துவிட்டான். அவர் மண்ணில் கையூன்றி எழுந்திருக்கப் பார்த்தார். உன் அப்பா என்னைப் பார்த்தார். பிழைத்துக்கொண்டோம் என்றுதான் நினைத்தேன்.

அவன் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினான். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். "பாத்தீங்களா சனங்களே? இப்பப் பொம்பளைய மேடையில ஏத்திப் பேச வெக்கிறானுங்க. இவளும் கூட்டு, இவ புருசனும் கூட்டு. இன்னைக்கு என் குரலை அறுத்தவன் நாளைக்கு உங்க குரலை அறுப்பான். அறுத்த கையை அப்படியே விடலாமா?" என்று கேட்டான். வெட்டு என்று அவன் சொல்லவே இல்லை. கேள்விதான் கேட்டான். அதுவும் நான் அப்போதுதான் தட்டி எழுப்பிய கரியில், நான் சுற்றிய கொயிலில். "விடக்கூடாது!" என்று கூட்டம் இரைந்தது. அவர் அன்னாசி வெட்டுகிற பலகையிலேயே அவர் கையை வைத்து அழுத்தினார்கள். அவருடைய கத்தியாலேயே. நான் மேடையிலிருந்து குதித்து லொறியில் ஏறினேன், சுவிட்சைத் தேடவில்லை, துணி தேடவில்லை, எரிந்துகொண்டிருந்த பெரிய வால்வை வெறுங்கையால் பிடுங்கினேன். தோல் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. குழாய் செத்தது. அதற்குள் நானாவின் இரண்டு விரல்கள் பலகையிலிருந்து கீழே விழுந்துவிட்டன. இரைச்சல் எல்லாம் அடங்கி, அவர் அலறல் ஒன்றுதான் கேட்டது.

வால்வு இன்னும் என் கையில் இருந்தது. என் பலம் முழுவதையும் கூட்டி அவன் முகத்தில் எறிந்தேன். நெற்றியில் பட்டு உடைந்தது. இரத்தம் கண்ணில் வழிய அவன் மேடையில் குந்தினான். நீ கையெடுத்துக் கும்பிடுகிற தழும்பு அதுதான், பொலிஸ்காரன் அடித்தது இல்லை, நம் வீட்டு வால்வு. அவன் ஆட்கள் லொறியில் பாய்ந்தார்கள். ஒருவன் என் கூந்தலைப் பிடித்து இழுத்தான், அவன் கையை நான் எலும்பு தட்டுப்படுகிறவரை கடித்தேன். உன் அப்பா நானாவை இடுப்போடு தூக்கி லொறியில் போட்டுவிட்டு, எங்கள் இரண்டு பேர்மேலும் குப்புற விழுந்து மூடிக்கொண்டார். குழாய்க்கம்பத்தின் முட்டுக்கட்டையால் அவர் தலையில் அடித்தார்கள். இடது காதிலிருந்து ஒழுகிய இரத்தம் என் கழுத்தில் சூடாக ஓடியது. லொறிக்காரன் நல்லவன், ஆள் ஏறிக்கொண்டிருக்கும்போதே வண்டியை எடுத்துவிட்டான்.

கண்டி ஆஸ்பத்திரிவரை நானாவின் கையை என் முந்தானையால் சுற்றி, எரிகிற என் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். பேராதனைப் பாலத்தைத் தாண்டும்போது அவர் கண்ணைத் திறந்தார். வலிக்கிறது என்று சொல்லவில்லை. "தங்கச்சி, நான் அந்த வயரத் தொடவே இல்ல. நீங்க நம்புறீங்கதானே?" என்று கேட்டார். நம்புறேன் நானா, நம்புறேன் நானா என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். பொலிசுக்குப் போனோம். அத்தனை சனம் நின்ற வெளியில் பார்த்தவன் என்று ஒருவனும் வரவில்லை. அவன் தேர்தலில் தோற்றான், அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த ஆறுதல். இப்போது மறுபடியும் கிளம்பியிருக்கிறான், இந்தத் தடவை உன் தோளில் ஏறி.

இதைப் படித்ததும் உன் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். போகக் கூடாது. அவன் கழுத்தை நெரிக்க எனக்கும் கை துடிக்கிறது, சமைக்கும்போது துடிக்கிறது, கொயில் சுற்றும்போது துடிக்கிறது. ஆனால் நீ அவன்மேல் ஒரு விரல் வைத்தாலும், அவன் நெற்றியில் இன்னொரு தழும்பு வரும், அதைக் காட்டி இன்னும் பத்து வருடம் பேசுவான். நீ தூக்குமேடைக்குப் போவாய். தோட்டத்துச் சனத்துக்கு நியாயம் வேண்டும் என்ற உன் ஆசையை நான் பழிக்கவில்லை, ராசா. அந்த நியாயத்தைப் பேச வேறு வாய் தேடு, நான் வாடகை கேட்காமலே பெட்டியைத் தூக்கித் தருகிறேன்.

கரிமணிகளை நான் எறிந்துவிடவில்லை. பெட்டியின் அடியில், வலதுபக்க மூலையில், ஒரு மூக்குப்பொடி டப்பாவில் இருக்கின்றன. எப்படிக் கொட்டி மூடுவது என்று உனக்குத் தெரியும், கூட்டத்துக்கு முன் முடித்துவிடலாம். எறிந்திருந்தால் நீ என்னைத் திட்டிவிட்டு, இந்தக் காகிதத்தை நம்பாமல் அவனையே நம்பிக்கொண்டு வீடு வந்திருப்பாய். எனக்கு அது வேண்டாம். நீ வளர்ந்த ஆள், நீயே முடிவு செய். செட் பழுது என்று அவன் ஆட்களிடம் சொல்லிவிட்டு, கூட்டம் சேரும் முன்பே லொறியைத் திருப்பினாலும் சரி. கரியைப் போட்டு மைக்கை அவன் கையில் கொடுத்தாலும் சரி.

ஒன்று மட்டும் செய். டப்பாவைத் தொடும் முன் பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்து போ. நானாவிடம் ஓர் அன்னாசி வெட்டச் சொல். மிச்சம் இருக்கிற விரல்களுக்கு இடையில் கத்தியை எப்படிப் பிடிக்கிறார் என்று பார். முன்பு ஒரு நாள் விரலுக்கு என்ன ஆனது என்று நீ கேட்டதற்கு, "மெஷின்ல போச்சு தம்பி" என்று சொன்னாராமே, வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாய். உன் மனம் நோகக் கூடாது என்று அப்படிச் சொன்னார். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை, அது நம் மெஷின்தான், இந்தப் பெட்டிதான். இன்றைக்கும் உன்னைப் பார்த்ததும் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு கேட்பார், "மெஷின் வேல செய்யுதா தம்பி?" என்று. அவர் முகத்தைப் பார்த்து அதற்குப் பதில் சொல். சொல்லிவிட்டு வந்து டப்பாவைத் திற.